மார்ச் 31க்குள் வரி குறையுமா?

பெப்ரவரி பிறந்தாலே திருகோணமலைக் கடைக்காரர்கள் நடுவே ஒரு பேச்சு கிளம்பிவிடும். "மார்ச் முடியமுதல் ஏதாவது வாங்கிப் போடுங்கோ, செலவைக் காட்டுங்கோ, வரி குறையும்." கணக்கு எழுதிக் கொடுப்பவர் சொல்கிறார், வாகனம் விற்பவர் அதைவிட உரத்துச் சொல்கிறார், யூடியூப்பில் தமிழ்நாட்டுக் கணக்காளர்கள் சொல்வதும் இதே தொனியில் காதில் விழுகிறது. இந்த அறிவுரை எவ்வளவு சரி, யாருக்குச் சரி என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. பார்க்காமலே ஆண்டுதோறும் திருப்பிச் சொல்வதால் சிறு வியாபாரிகளின் காசு வீணாகிறது. இதில் எனக்கு ஐயம் இல்லை.

இந்த அறிவுரையை எடைபோடுவதற்குத் திருகோணமலையின் ஓர்ஸ் ஹில்லை எடுத்துக்கொள்கிறேன். உள்துறைமுகத்தை ஒட்டிய இந்த மேட்டில் பெரிய ஆலை எதுவும் இல்லை. கிழக்கு மாகாண ஆளுநர் செயலகம், விவேகானந்தா கல்லூரி, அவற்றைச் சுற்றிக் குடியிருப்புகள். நம் நகரங்களின் இப்படிப்பட்ட எந்த மூலையிலும் காணக்கூடிய வியாபாரங்கள்தான் இங்கேயும் பேச்சுக்கு உரியவை: பலசரக்குக் கடை, மருந்துக்கடை, போட்டோக்கொப்பிக் கடை, சாப்பாட்டுக்கடை, ரியூசன் வகுப்பு, அலுவலகத்துக்கு வாடகைக்கு விட்ட வீடு. உப்புவெளியில் நாலு அறை விடுதி நடத்தும் குடும்பத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். கொழும்பில் வரி ஆலோசகர் வைத்திருக்கும் நிறுவனங்களைப் பற்றி இங்கே பேச்சில்லை.

அளவுகோல் மூன்று. வரி உண்மையில் குறைகிறதா, அல்லது அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகிறதா? அதற்காகக் கல்லாவிலிருந்து போகும் காசு எவ்வளவு? நாளை வரி உத்தியோகத்தர் கேட்டால் அந்தக் கணக்கு நிற்குமா?

முதலில் சட்டத்தின் நிலை. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் 2018 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. ஏப்ரல் 1 தொடங்கி மார்ச் 31 வரை ஒரு மதிப்பீட்டு ஆண்டு. அப்போது தனிநபருக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபா வருமானம்வரை வரியில்லை. 2020 ஜனவரியில் அது ஒரேயடியாக 30 இலட்சமாயிற்று. 2023 ஜனவரியில் 12 இலட்சமாகச் சுருங்கியது. 2025 ஏப்ரல் 1 முதல் 18 இலட்சம். ஏழு ஆண்டுக்குள் நாலு எல்லைகள்.

இதில் 2022/23 ஆண்டை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். திருத்தச் சட்டம் 2022 டிசம்பர் 19இல்தான் சான்றுரைப்படுத்தப்பட்டது. நடந்துகொண்டிருந்த ஆண்டையே இரண்டாக வெட்டி, முதல் ஒன்பது மாதத்துக்கு 22 இலட்சத்து 50 ஆயிரம், கடைசி மூன்று மாதத்துக்கு 3 இலட்சம் என்று விலக்களித்தார்கள். அந்த ஏப்ரலில் 'எனக்கு வரி வராது' என்று நம்பி ஆண்டைத் தொடங்கிய கடைக்காரர், ஆண்டு முடிய மூன்று மாதம் இருக்கையில் வரி செலுத்துநராக மாறியிருந்தார். அவர் எதைத் திட்டமிட்டிருக்க முடியும்? 2019 இறுதியில் சிந்திக்காமல் வரிகளை வெட்டியதும், நாடு கடனில் மூழ்கியதும், 2023 மார்ச் 20இல் சர்வதேச நாணய நிதியத்தின் உதவி கிடைத்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை. அந்த அலைக்கழிப்பில் மிக அதிகமாக உதைபட்டவர்கள் கணக்கு வைக்கப் பழகாத சிறு வியாபாரிகள். அவர்களைத் திட்டமிடத் தெரியாதவர்கள் என்று குறைசொல்பவர்கள் இதை மறக்கக்கூடாது.

இன்றைய நிலைக்கு வருவோம். 2025/26இல் 18 இலட்சம் விலக்குக்குப் பிறகு, முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம். அடுத்தடுத்த ஐந்து இலட்சங்களுக்கு 18, 24, 30 வீதம். அதற்கு மேலே 36 வீதம். நினைவில் வையுங்கள், இது இலாபத்துக்கான எல்லை, விற்பனைக்கானதல்ல. மாதம் ஒன்றரை இலட்சம் ரூபா நிகர இலாபம் வராதவருக்கு வருமான வரியே இல்லை.

இப்போது அந்தப் புகழ்பெற்ற அறிவுரையைச் சோதிப்போம். ஆண்டுக்கு 26 இலட்சம் இலாபம் வரும் ஒரு பலசரக்குக் கடை. விலக்குப் போக மிச்சம் 8 இலட்சம், அதற்கு 6 வீதம், ஆக வரி 48,000 ரூபா. கடைக்காரர் வரியைக் குறைக்கவென்று மார்ச் கடைசி வாரத்தில் 4 இலட்சம் ரூபாவுக்கு ஒரு டீப் ஃப்ரீசர் வாங்குகிறார். முழுத்தொகையும் செலவாகக் கழியும் என்று அவர் நினைத்திருக்கிறார். கழியாது. இத்தகைய உபகரணத்துக்குச் சட்டம் தரும் மூலதனக் கழிவு ஐந்து ஆண்டுகளில் சமபங்காகப் பிரிகிறது. இந்த ஆண்டுக்கு 80,000. அதில் 6 வீதம் 4,800 ரூபா. நாலு இலட்சத்தை வெளியே விட்டு, நாலாயிரத்து எண்ணூறு ரூபாவைக் காப்பாற்றியிருக்கிறார். தவணைக் கடனுக்கு வாங்கியிருந்தால் முதல் மாத வட்டியிலேயே அதிற் பெரும்பகுதி போய்விடும்.

அறிவுரை முழுப் பொய்யும் அல்ல. சட்டம் ஒரு சலுகை வைத்திருக்கிறது: ஆண்டின் முடிவில் சொத்து உங்களுடையதாக இருந்து, வியாபாரத்தில் பயன்பட்டுக்கொண்டும் இருந்தால், அந்த ஆண்டுக்கான கழிவு முழுதாகக் கிடைக்கும். மார்ச் 28இல் வாங்கினாலும் நாளெண்ணிக் குறைக்க மாட்டார்கள். ஆகவே 50 இலட்சம் இலாபம் வரும், 36 வீதப் படியில் நிற்கும் ஒருவருக்கு அதே ஃப்ரீசர் 28,800 ரூபா வரியைக் குறைக்கும். எப்படியும் ஏப்ரலில் வாங்கப்போகிறார் என்றால் ஒரு வாரம் முந்தி வாங்குவது புத்திசாலித்தனம். ஆனால் அது கடைக்குள் வந்து, மின்சாரத்தில் இணைந்து, மீன் பொதியோ ஐஸ்கிறீமோ உள்ளே இருக்க வேண்டும். பெட்டி பிரிக்காமல் களஞ்சியத்தில் கிடந்தால் 'பயன்பட்டது' என்று சொல்ல முடியாது. முற்பணம் கட்டிவிட்டு வாகனத்துக்குக் காத்திருப்பவருக்கும் இதே பதில். குடும்பக் காருக்கோ இந்தக் கழிவே கிடையாது. லொறி, பஸ் போன்ற வர்த்தக வாகனங்களுக்கு மட்டுமே சட்டம் இடம் தருகிறது. மார்ச்சில் காரை 'வரிக்காக' வாங்கச் சொல்பவர் விற்பனையாளராகப் பேசுகிறார், அவரிடம் வரி அறிவுரை கேட்காதீர்கள்.

தேவையான சொத்தின் திகதியை முன்னே நகர்த்துவது திட்டமிடல். தேவையில்லாத சொத்தை வரிக்காக வாங்குவது நட்டம், 36 வீதப் படியில் நிற்பவருக்கும் அதுவே.

அடுத்தது சரக்கு. எங்கள் ஊரில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் விஷயம் இது. மார்ச் 31க்கும் சித்திரை வருஷப்பிறப்புக்கும் இடையே இரண்டு வாரம்தான். எந்தப் பலசரக்குக் கடையும் துணிக்கடையும் ஆண்டிலேயே மிக அதிகமாகச் சரக்கை இறக்கி வைத்திருப்பது அந்த இரவில்தான். அரிசி மூட்டை, தேங்காயெண்ணெய், பயறு, சர்க்கரை, பட்டாசுப் பெட்டிகூட. 'மார்ச்சில் இவ்வளவு கொள்வனவு செய்தேன், இலாபம் குறைந்திருக்குமே' என்று கடைக்காரர் நம்புகிறார். குறையாது. ஆண்டுத் தொடக்கக் கையிருப்பையும் கொள்வனவையும் கூட்டி, முடிவுக் கையிருப்பைக் கழித்த பிறகு வருவதுதான் விற்ற சரக்கின் அடக்கம். மார்ச் 30இல் இறங்கி 31இல் விற்காமல் கிடக்கும் மூட்டை ஒரு பக்கம் கூடி மறுபக்கம் கழிந்துபோகிறது. வரிக்கு அது ஒன்றுமே செய்யவில்லை.

ஆனால் அந்த மூட்டையை எண்ணாமல் விட்டால் செய்யும், அதுவும் தப்பான வழியில். முடிவுக் கையிருப்பை ஐந்து இலட்சம் குறைத்து எழுதுபவர் இவ்வாண்டு இலாபத்தை ஐந்து இலட்சம் குறைத்திருக்கிறார், சரி. அடுத்த ஆண்டின் தொடக்கக் கையிருப்பும் அதே ஐந்து இலட்சத்தால் குறைந்துபோகும், அந்த ஆண்டின் இலாபம் அவ்வளவால் ஏறும். அதை மறைக்க இன்னும் பெரிதாகக் குறைத்து எழுத வேண்டும். சட்டப்படி இது பொய்க்கணக்கு. காசுப்படி பார்த்தாலும் ஒரு ஆண்டுத் தள்ளிவைப்பு மட்டுமே. இதற்கு இன்னொரு விலையும் உண்டு: விடுதியைப் பெருப்பிக்கவோ லொறி எடுக்கவோ வங்கிக்குப் போகும் நாளில், குறைத்துக் காட்டிய இலாபம்தான் கடனின் அளவைத் தீர்மானிக்கும். வங்கிக்கு ஒரு கணக்கு, இறைவரித் திணைக்களத்துக்கு ஒரு கணக்கு என்று நடந்தவர்கள் பலர். தகவல்கள் கணினிகளில் ஒன்றோடொன்று ஒத்துப்பார்க்கப்படும் காலத்தில் அந்த வழக்கம் நீடிக்காது, நீடிக்கவும் கூடாது.

நேர்மையாக எண்ணுவதில்தான் ஆதாயமே இருக்கிறது. கையிருப்பை அடக்க விலைக்கு எழுதலாம். விற்றால் கிடைக்கக்கூடிய விலை அதைவிடக் குறைவென்றால் அந்தக் குறைந்த விலைக்கு எழுதலாம். எலி கடித்த பால்மாப் பொதி, திகதி கடந்த பிஸ்கட், வண்டு விழுந்த பயறு, 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் நனைந்து மேல்தட்டில் ஒதுக்கி வைத்த சீமெந்துப் பை. இவற்றையெல்லாம் முழு விலைக்கு எழுதிவிட்டு, இல்லாத இலாபத்துக்கு வரி கட்டுகிறார்கள். காரணம் எளிது: யாரும் எண்ணுவதில்லை. "போன வருசத்தை விடக் கொஞ்சம் கூட" என்று கணக்காளருக்குத் தொலைபேசியில் ஓர் இலக்கம் சொல்லப்படுகிறது.

மார்ச் 31 இரவு ஒரு கடையில் செய்ய வேண்டியது இதுதான். எட்டு மணிக்குக் கதவை இழுத்துவிட்டு இருவர் நிற்க வேண்டும். ஒருவர் தட்டைப் பார்த்துச் சொல்ல, மற்றவர் கொப்பியில் எழுத வேண்டும். பொருள், எண்ணிக்கை, கடைசியாக வாங்கிய பற்றுச்சீட்டில் உள்ள விலை, பெருக்கிய தொகை. பழுதானவற்றைத் தனிப் பக்கத்தில் எழுதிக் கைத்தொலைபேசியில் படம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் திகதியும் இரண்டு கையொப்பங்களும். நடுநிசி தாண்டலாம். அந்தக் கொப்பி நாளை வரி உத்தியோகத்தர் முன் நிற்கும், எந்த அவசரக் கொள்வனவுப் பற்றுச்சீட்டையும் விட உறுதியாக நிற்கும்.

கையிருப்புக் கொப்பிக்கு அடுத்தது கடன் கொப்பி. சம்பள நாளுக்கு அடுத்த நாள் தீர்ப்பவர்கள், அலுவலகக் கூட்டங்களுக்குச் சாப்பாடும் காகிதமும் வாங்கிவிட்டு மாதக்கணக்கில் காசோலை வராதவை, ஊரைவிட்டே போனவர்கள் என்று மூன்று வகைப் பெயர்கள் அதில் இருக்கும். மூன்றாவது வகைக்கு இலாபம் காட்டி வரி கட்டவேண்டிய அவசியமில்லை. அறவிட எடுத்த நியாயமான முயற்சிகளும், இனி வராது என்று நம்பக் காரணமும் இருந்தால் அறவிட முடியாக் கடனைக் கழிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் முயற்சி தெரிய வேண்டும்: ஒரு கடிதம், ஒரு குறுஞ்செய்தி, திகதியோடு ஒரு குறிப்பு. மார்ச் மாதத்து ஒரு மாலையை இதற்கு ஒதுக்கினால் கிடைப்பது பல கடைகளுக்கு ஃப்ரீசர் தரும் 4,800ஐ விட அதிகம். இதற்குக் கையிலிருந்து ஒரு சதமும் போகாது.

உப்புவெளி, நிலாவெளி விடுதிக்காரருக்கு வேறொரு பொறி. கிழக்குக் கரையின் பருவம் சித்திரைக்குப் பிறகுதான் சூடுபிடிக்கிறது. ஆகவே வெள்ளையடிப்பு, ஓடு மாற்றுதல், குழாய் வேலை எல்லாம் மார்ச்சில் நடக்கின்றன. அத்தனையும் இவ்வாண்டுச் செலவு என்று நினைப்பார்கள். கட்டடத் திருத்தத்துக்குச் சட்டம் ஒரு வரம்பு போட்டிருக்கிறது: முந்தைய ஆண்டு முடிவில் கணக்கில் மிஞ்சியிருந்த கட்டடப் பெறுமதியின் 5 வீதம். அதற்கு மேற்பட்டது கட்டடத்தின் பெறுமதியோடு சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் மெல்லக் கழியும். கட்டடமல்லாத சொத்துகளுக்கு வரம்பு 20 வீதம். பெரிய வேலையை மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதியாகப் பிரித்தால் இரண்டு ஆண்டு வரம்புகளையும் பயன்படுத்தலாம். சட்டத்துக்கு உட்பட்ட, பயனுள்ள யோசனை இது. ஆனால் இதைச் சொல்லிக் கொடுப்பவர்கள் எங்கே?

கோயிலுக்குக் கொடுத்ததைக் கழிக்கலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். பத்திரகாளி அம்மனுக்கோ கோணேசருக்கோ கொடுப்பது பக்தி. நோயாளரையும் வறியோரையும் பராமரிக்கும் அங்கீகரிக்கப்பட்ட அறநிறுவனத்துக்குக் கொடுத்தால்தான் தனிநபருக்குக் கழிவு. அதுவும் 75,000 ரூபா அல்லது வரிக்குரிய வருமானத்தின் மூன்றிலொரு பங்கு, எது குறைவோ அது.

இனி பெரிய தொகைக்கு வருகிறேன். 50 இலட்சம் இலாபம் வரும் ஒரு கடை கணவர் பெயரில் மட்டும் இருக்கிறது. வரிக்குரியது 32 இலட்சம். முதல் 10 இலட்சத்துக்கு 60,000, அடுத்த மூன்று படிகளுக்கு 90,000, 120,000, 150,000, மிச்சம் 7 இலட்சத்துக்கு 36 வீதப்படி 252,000. மொத்தம் 672,000 ரூபா. அதே கடை கணவனும் மனைவியும் சமபங்கில் நடத்தும் பங்குடைமை என்றால் ஒவ்வொருவருக்கும் 25 இலட்சம். விலக்குப் போக 7 இலட்சத்துக்கு 6 வீதம், தலைக்கு 42,000. இருவருக்கும் 84,000. தனிநபர் வரியில் மட்டும் வித்தியாசம் 588,000 ரூபா. எத்தனை ஃப்ரீசர் வாங்கினால் இது கிடைக்கும்?

எங்கள் ஊரில் காலை ஆறு மணிக்குக் கடை திறப்பதும், கல்லாவில் இருப்பதும், கடன் கொப்பி எழுதுவதும், கொழும்புச் சரக்குக்குத் தொலைபேசி எடுப்பதும் எத்தனையோ இடங்களில் மனைவிதான். உழைப்பில் பாதிக்கு மேல் அவருடையது, கணக்கில் அவர் இல்லை. அவரைப் பங்காளியாக எழுதுவது வரித் தந்திரம் என்று நான் நினைக்கவில்லை. இருக்கும் உண்மையைத் தாளில் ஏற்றுவது அது. ஆனால் உண்மையாக இருக்க வேண்டும். வருமானத்தைச் செயற்கையாகப் பிரித்துக் காட்டுவதை மறுக்கும் அதிகாரம் சட்டத்தில் இருக்கிறது. வீட்டில் இருக்கும் மகனின் பெயரையோ, வெளிநாட்டில் இருக்கும் சகோதரியின் பெயரையோ போட்டுவிட்டுக் காசு முழுதையும் தானே எடுப்பவர் அகப்பட்டுக்கொள்வார். பங்குடைமை ஒப்பந்தம், வியாபாரப் பெயர்ப் பதிவு, வங்கிக் கணக்கில் இருவரின் கையொப்பம், இருவருக்கும் வரி இலக்கம், பங்குடைமையின் பெயரிலும் தனி வரி விபரத்திரட்டு எல்லாம் வேண்டும். அதைவிட முக்கியம், இதை மார்ச் 31இல் செய்ய முடியாது. நடந்து முடிந்த பன்னிரண்டு மாத உழைப்பை ஓர் இரவில் பின்திகதியிட்டுப் பங்கு பிரிப்பது மோசடி. ஏப்ரல் 1இல் தொடங்கினால்தான் அந்த ஆண்டுக்குப் பயன். மிகப் பெரிய சேமிப்பு ஆண்டின் முதல் நாளில் இருக்கிறது, எல்லாரும் தேடுவது கடைசி நாளில்.

"கம்பனியாகப் பதிந்துவிடுங்கோ" என்ற அறிவுரையையும் இதே தராசில் வைக்கலாம். கம்பனிக்கு 18 இலட்ச விலக்கு இல்லை, முதல் ரூபாவிலிருந்தே 30 வீதம். 50 இலட்சத்துக்கு 15 இலட்சம் வரி. மிச்சத்தைப் பங்கிலாபமாக எடுத்தால் அதற்கு மேலும் 15 வீதம், ஆக நூற்றுக்கு நாற்பதரை. தனிநபரின் உச்சப் படியே 36தான். கடன் பொறுப்பை மட்டுப்படுத்தவோ கேள்விப்பத்திரங்களில் பங்கெடுக்கவோ கம்பனி தேவைப்படலாம். வரிக்காக அதைத் தொடங்கச் சொல்வது ஓர்ஸ் ஹில் அளவு வியாபாரத்துக்குப் பிழையான ஆலோசனை.

வருமான வரியைச் சுற்றியே பேசும்போது பெறுமதி சேர் வரி கண்ணில் படாமல் போகிறது. 2024 ஜனவரி 1 முதல் 18 வீதம். 2025இல் பதிவெல்லை ஆண்டு விற்பனை 6 கோடி ரூபாவாக இருந்தது. 2.5 வீதச் சமூகப் பாதுகாப்பு வரிக்கும் அதே எல்லை. 2026 வரவு செலவுத் திட்டம் இரண்டையும் 3 கோடி 60 இலட்சத்துக்கு இறக்க முன்மொழிந்தது. இந்த எண்ணை ஒரு ஹார்ட்வெயார் கடையில் பொருத்திப் பாருங்கள். 3 கோடி 60 இலட்சம் என்றால் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு இலட்சம் விற்பனை. சீமெந்து, கம்பி, பெயின்ட் என்றால் அது பெரிய தொகையல்ல. நூற்றுக்கு ஐந்து ரூபா நிகர இலாபம் என்று வைத்தால் ஆண்டு இலாபம் சரியாக 18 இலட்சம். வருமான வரிச் சட்டம் 'உன்னிடம் எதுவும் கேட்கத் தேவையில்லை' என்று விட்டுவிடும் அதே மனிதரை, பெறுமதி சேர் வரிச் சட்டம் பதிந்து, பற்றுச்சீட்டு எழுதி, கணக்கு ஒப்படைக்கச் சொல்லும். இரண்டு சட்டங்களும் சிறு வியாபாரி என்று வெவ்வேறு ஆளை மனதில் வைத்திருக்கின்றன. இந்த முரணைத் தீர்ப்பது அரசின் கடமை.

அதற்காக எல்லைக்குக் கீழே நிற்க ஒரே கடையை மூன்று பெயரில் பிரிப்பதை நான் ஏற்க மாட்டேன். ஒரே களஞ்சியம், ஒரே கல்லா, ஒரே தொலைபேசி இலக்கம் என்று இருக்கையில் மூன்று பெயர்ப்பலகை யாரையும் ஏமாற்றாது. பதிவு செய்யாதவர் தான் கொள்வனவில் கட்டிய 18 வீதத்தை மீளப் பெறவும் முடியாது. மார்ச்சில் செய்யவேண்டியது வேறு: பன்னிரண்டு மாத விற்பனையைக் கூட்டிப் பார்த்து, எல்லையை எப்போது தொடுவேன் என்று தெரிந்துகொள்வது. தெரியாமல் தாண்டியவர், வாடிக்கையாளரிடம் வாங்காத 18 வீதத்தைத் தன் இலாபத்திலிருந்து கட்ட நேரிடும்.

திகதிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வருமான வரித் தவணைகள் ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. மிச்ச வரி செப்டெம்பர் 30க்குள், விபரத்திரட்டு நவம்பர் 30க்குள். விடுதிக்காரருக்கு ஓகஸ்டில் கைநிறையக் காசு இருக்கும், பெப்ரவரியில் வாடைக்காற்றும் வெற்று அறைகளும்தான். ஆகவே பருவத்திலேயே பெப்ரவரித் தவணையைத் தனிச் சேமிப்புக் கணக்கில் ஒதுக்குவதுதான் அவருடைய உண்மையான வரித் திட்டம். விபரத்திரட்டைத் தாமதித்தால் சட்டம் விதிக்கும் தண்டம், வரியோடு ஒப்பிட்ட ஒரு வீதம் அல்லது 50,000 ரூபாவும் மாதத்துக்கு மேலும் 10,000 ரூபாவும், எது கூடவோ அது. உச்ச எல்லை 4 இலட்சம். 48,000 ரூபா வரி கட்டவேண்டிய நம் பலசரக்குக் கடைக்காரர் நவம்பரை மறந்தால், தண்டம் வரியை விஞ்சிவிடும். கட்டாத வரிக்கு மாதம் ஒன்றரை வீத வட்டி வேறு. ஆண்டுமுடிவுத் திட்டமிடலில் மிகக் கூடிய ஆதாயம் தருவது நாட்காட்டியில் ஐந்தாறு திகதிகளை வட்டமிடுவதே.

வீட்டை வாடகைக்கு விட்டவரும் சிறு வியாபாரிதான். மாதம் 150,000 ரூபாவுக்கு ஓர் அலுவலகத்துக்கு விட்டிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை எண்ணிப் பாருங்கள். மாத வாடகை ஒரு இலட்சத்தைத் தாண்டுவதால் 10 வீதம், அதாவது மாதம் 15,000 பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். ஆண்டுக்கு 180,000. அவருக்கு வேறு வருமானம் இல்லையென்றால் வரியே கிடையாது. வாடகையில் நாலிலொரு பங்கும் திருத்தச் செலவென்று கழியும். ஆனால் பிடித்த காசு தானாகத் திரும்பி வராது. பிடித்ததற்கான சான்றிதழை வாங்கி, விபரத்திரட்டு நிரப்பிக் கேட்க வேண்டும். மார்ச்சில் அவர் எதையும் வாங்க வேண்டாம். அந்தச் சான்றிதழை மட்டும் வாங்கட்டும்.

நட்டங்களும் இப்படித்தான் மறந்துபோகின்றன. வியாபார நட்டத்தை ஆறு ஆண்டுகள்வரை முன்கொண்டு செல்லலாம். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு வெறுமையாய்க் கிடந்த விடுதிகளின் 2019/20 நட்டத்தைக் கழிக்க 2025/26 தான் கடைசி ஆண்டு. அன்று கணக்குக் கொடுத்தவர்கள் பழைய கோப்பைத் திறந்து பார்க்கட்டும்.

மறுபக்கத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். மார்ச் மாதத் திட்டமிடலை ஆதரிப்பவர்கள், ஆண்டு முடிவு என்ற நெருக்கடி இல்லாவிட்டால் கணக்கே எழுத மாட்டார்கள் என்பார்கள். அதில் உண்மை உண்டு. 43 இலட்சத்துக்கு மேல் இலாபம் வரும், 36 வீதப் படியில் நிற்கும் ஒருவருக்குத் திகதியை நகர்த்துவதால் கிடைக்கும் தொகையும் அற்பமல்ல. தமிழ்நாட்டைப் பாருங்கள் என்றும் சொல்வார்கள். பார்ப்போம். அங்கே மார்ச்சில் ஓடுவது பெரும்பாலும் காப்புறுதி, சேமிப்பு நிதி என்று 80சி என்று அறியப்பட்ட பிரிவின் ஒன்றரை இலட்ச ரூபாக் கழிவுக்காக. அப்படியொரு கழிவு எங்கள் சட்டத்தில் இல்லை, ஆகவே அந்த யூடியூப் அறிவுரை இங்கே செல்லாது. அங்கிருந்து நாம் கேட்டுப் பெறவேண்டியது வேறொன்று: 44ஏடி என்று அறியப்பட்ட ஏற்பாடு. 2 கோடி இந்திய ரூபா விற்பனை வரை, பணமாகப் பெறுவது 5 வீதத்துக்குள் என்றால் 3 கோடி வரை, விற்பனையில் 8 வீதத்தை, வங்கி வழி வந்ததென்றால் 6 வீதத்தை இலாபமாகக் காட்டிவிட்டு, விரிவான கணக்குப் புத்தகம் இல்லாமலே வரி கட்டிவிடலாம். போட்டோக்கொப்பிக் கடைக்காரரிடமும் பன்னாட்டுக் கம்பனியிடமும் ஒரே சட்டத்தை நீட்டும் இலங்கைக்கு இப்படியொரு எளிய வழி கட்டாயம் தேவை. வர்த்தக சங்கங்கள் இதை விடாமல் கேட்க வேண்டும்.

அதுவரைக்கும் என் தீர்ப்பு இது. மார்ச் கடைசி வாரத்தில் வாங்கிக் குவித்து வரியைக் குறைப்பது என்ற வழக்கம், 18 இலட்சத்துக்குக் கீழே இருப்பவருக்குப் பயனற்றது. 28 இலட்சம் வரை உள்ளவருக்கு நட்டம். அதற்கு மேலே உள்ளவருக்கு, எப்படியும் தேவைப்படும் பொருளென்றால் மட்டும் ஏற்கத்தக்கது. சரக்கை எண்ணுவதும், கடன் கொப்பியைச் சலிப்பதும், சான்றிதழ் சேர்ப்பதும், திகதி தவறாமல் இருப்பதும் எல்லாருக்கும் பயன் தரும். பங்குடைமை போன்ற பெரிய முடிவுகளுக்கு உரிய நாள் ஏப்ரல் 1. வருஷப்பிறப்புச் சரக்குக்கு வைத்திருக்கும் காசை வரி பயத்தில் வேறெதிலும் முடக்காதீர்கள். மார்ச் 31 இரவுக்கு ஒரு புதுக் கொப்பியும் உங்களோடு நின்று எண்ண ஓர் ஆளும் இப்போதே ஏற்பாடு செய்துவையுங்கள்.